இன்னொரு தபா போடுங்க சார்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பல்லாவரம் சந்தையில் நடந்தது இது. அன்று அங்கே அம்மா இருந்தாள், அண்ணன் இருந்தான், நான் இருந்தேன். பக்கத்தில் அலுமினியப் பாத்திரக் கடை போட்டிருந்த பாய் இருந்தார். அப்பா இல்லை, நான் எட்டாவது படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். பெரியப்பா இல்லை, இருந்திருந்தால் அங்கேயே சண்டை வந்திருக்கும். சாமி இருந்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அம்மாவைக் கேட்டால், "பின்ன? என் பக்கத்துலதான் குந்திக்கினு இருந்துச்சு" என்பாள்.

அண்ணன் தாம்பரம் மார்க்கெட்டில் மூட்டை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தவன். அவன் மூட்டை தூக்கியதால்தான் நான் காலேஜ் வாசலை மிதித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அந்த வருஷம் ஆடி மாதத்தில், வெங்காய மூட்டை ஏற்றிய வேனின் மேல் அவன் நின்றுகொண்டிருந்தபோது டிரைவர் பார்க்காமல் வண்டியை எடுத்துவிட்டான். ஜி.எஸ்.டி. ரோட்டில் தலை மோத விழுந்தான். தலையின் இடப்பக்கம் திறந்து ரத்தக் கட்டியை எடுத்தார்கள். உயிர் தங்கியது. வலது கையும் வலது காலும் தங்கவில்லை. பேச்சு சுத்தமாகப் போய்விட்டது.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் நாளில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வீட்டில் படித்தவன் என்பதால் என்னிடம் சொன்னார். "நாம சொல்றது அவருக்குப் போகப்போகப் புரியும்ப்பா. பேச்சுதான்... சொல்ல முடியாது. அம்மாவை ரொம்ப எதிர்பார்க்க வேணாம்னு சொல்லிடு."

வராந்தாவில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் அப்படியே சொன்னேன். அவள் புடவைத் தலைப்பை உதறி இடுப்பில் சொருகிக்கொண்டு எழுந்தாள்.

"எதிர்பாக்காத பெத்தவ எவளாவது கீறாளா? போயி அவுரையே கேட்டுக்கினு வா."

அதன் பிறகு எங்கள் வீட்டில் ஒரு புது வழக்கம் வந்தது. அம்மா அண்ணனிடம் கேள்வி கேட்பாள். "நைனா, இன்னிக்கு இன்னா கொழம்பு வெக்கட்டும்?" கேட்டுவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருப்பாள். பதில் வருகிற அளவுக்கு நேரம் கொடுப்பாள். அடுப்பில் சோறு பொங்கி வழிந்தாலும் திரும்ப மாட்டாள். பதில் வராது என்று தெரிந்ததும், "சரி, யோசிச்சு சொல்லு, அவுசரமில்ல" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள். இதைப் பார்த்த எதிர்வீட்டு அக்கா ஒருநாள் குழாயடியில் எல்லோர் காதிலும் விழும்படி, "செவுத்துகிட்ட பேசிக்கினு கீது பாவம்" என்றாள்.

அம்மா குடத்தை இறக்கி வைத்தாள். "என் செவுரு, நான் பேசறேன். உன் வூட்டு செவுரு மேல எச்சி துப்புனனா?"

வேண்டுதல் விஷயத்திலும் அவள் யார் சொல்லையும் கேட்கவில்லை. மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொள், தீ மிதிக்கிறேன் என்று வேண்டிக்கொள் என்று ஆளுக்கொரு கோயிலைச் சொன்னார்கள். "கடன் சொல்லி வாங்கறதுக்கு இது மளிகை சாமானா?" என்று கேட்டாள். அவள் செய்தது ஸ்ட்ரைக். தெருமுனை அம்மன் கோயிலில் செவ்வாய்க்கிழமைதோறும் விளக்கேற்றியவள், ஏற்றுவதை நிறுத்தினாள். ஆனால் போவதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு செவ்வாயும் வெறுங்கையோடு போய் அம்மன் முகத்துக்கு நேராக நிற்பாள். பூசாரி கேட்டதற்கு, "அதுக்கும் எனக்கும் பேச்சு நடக்குது. நீ நடுவுல வராத" என்றாளாம். அவளை நாத்திகம் பேசுகிறாள் என்று சொன்னவர்கள் உண்டு. சாமி இல்லை என்று நினைப்பவள் எதற்கு வாராவாரம் போய் முறைத்துக்கொண்டு நிற்க வேண்டும்? எதிரில் ஆள் இருக்கிறது என்று அவளுக்கு அவ்வளவு நிச்சயம்.

இதற்கு நடுவில்தான் பெரியப்பா வந்தார். எங்கள் பூர்வீகம் செம்பாக்கம். தாத்தா காலத்து நிலமெல்லாம் போய், ஏரிப் பக்கம் ஒரே ஒரு கிரவுண்டு மிச்சம். பாதி எங்கள் அப்பாவுடையது என்று வாய்வார்த்தை. பத்திரம் பெரியப்பா பெயரில். அம்மா அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

அவர் அண்ணனைப் பார்க்கவில்லை. அவன் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு, அவன் அங்கே இல்லாத மாதிரி பேசினார். "நான் சொல்றத நல்லா கேளும்மா. செங்கல்பட்டு தாண்டி ஒரு ஹோம் கீது. இந்த மாதிரி ஆளுங்கள வெச்சு பாத்துக்கறாங்கோ. நான் பேசிட்டேன். தை பொறந்ததும் கொண்டுபோயி வுட்டுடலாம். சின்னவன் படிக்கிறான், அவன் தலையெடுக்கட்டும். இவன் இங்க கெடந்தா சின்னவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? வுட்டுட்டு வா, அர கிரவுண்ட சின்னவன் பேர்ல எழுதித் தர்றேன்."

"வுடலன்னா?"

"வுடலன்னா நெலத்த மறந்துடு. செத்துப் போனவனுக்கு எதுக்கு நெலம்?"

அம்மா கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "தை மாசம்தான சொன்ன மாமா? தையில வா" என்று மட்டும் சொன்னாள்.

தைக்கு முன்னால் அவன் பேசிவிடுவான் என்று அவள் நம்பினாள். எதை வைத்து நம்பினாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மாதங்கள் போயின. ஐப்பசி மழையும் நின்றது. அண்ணன் தடி ஊன்றி நடக்க ஆரம்பித்தான். வாயிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை என்றால் பல்லாவரம் சந்தை. பூண்டும் காய்ந்த மிளகாயும் விற்பாள். அண்ணன் விழுந்த பிறகு அந்த ஒருநாள் மட்டும் அவனை எதிர்வீட்டு அக்காவிடம்தான் விட்டுவிட்டுப் போவோம். வாய்தான் அப்படி, சோறு ஊட்டத் தயங்கியதில்லை அவள். ஒரு வெள்ளிக்கிழமை அம்மா, "அவனையும் கூட்டிக்கினு வா" என்றாள்.

"கூட்டத்துல எப்படிம்மா?"

"வூட்லயே குந்த வெச்சா வூட்டுப் பேச்சுதான் காதுல வுழும். அவன் சந்தையில வளந்த புள்ளடா."

கல்லூரிக்கு லீவு போட்டேன். தாம்பரத்தில் ரயிலேறி, வியாபாரிகள் ஏறும் வெண்டார் பெட்டியில் மூட்டைக்கு நடுவே அவனை உட்கார வைத்துப் பல்லாவரத்தில் இறக்கினோம். கடைக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து, பாயின் பெரிய அண்டாவில் முதுகைச் சாய்த்து உட்கார வைத்தோம். விளங்காத வலது கையை மடியில் மல்லாத்தி, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து வைத்தாள் அம்மா. விட்டுவிட்டால் விரல்கள் உள்ளே மடங்கி அப்படியே இறுகிவிடும், எந்நேரமும் விரித்தே வையுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

சந்தை நிறைந்தது. நான் நிறுத்துக் கொடுத்தேன், அம்மா கூவினாள். அப்போது ஒயர் கூடையோடு ஒரு பெரியவர் வந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடிக் கூடு. ரிட்டயரான ஆபீசர் மாதிரி இருந்தார். அம்மாவிடம் பூண்டு விலை கேட்டார். திரும்பும்போது அண்ணனைப் பார்த்தார். மொட்டையடித்து அரைகுறையாக முடி வளர்ந்த தலை, தழும்பு, பக்கத்தில் தடி, மடியில் விரித்து வைத்த உள்ளங்கை. பைக்குள் கைவிட்டு ஒரு எட்டணாவை எடுத்து, குனிந்து, மிகவும் மரியாதையாக அந்த உள்ளங்கையில் வைத்தார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அண்ணன் காசைப் பார்த்தான். பெரியவரைப் பார்த்தான். மறுபடி காசைப் பார்த்தான். கழுத்து நரம்பு புடைத்தது. உதடு ஒரு பக்கமாக இழுத்தது.

"பே... மானி."

அம்மாவின் குரல் பாதியில் நின்றது. எதிரில் இருந்த பெண் நீட்டிய பையில் நான் கொட்டிய பூண்டு விழவில்லை, தரையில் விழுந்தது.

இதில் ஒன்று சொல்ல வேண்டும். மார்க்கெட்டுக்குப் போக ஆரம்பித்த காலத்தில் அண்ணன் கற்றுக்கொண்ட முதல் கெட்ட வார்த்தை அது. அதைச் சொன்னதற்காக அம்மா கரண்டியாலேயே அவன் வாயில் போட்டிருக்கிறாள். இப்போது அதே அம்மா கடையைத் தாண்டி, மிளகாய்க் குவியலை மிதித்துக்கொண்டு ஓடிவந்தாள். பெரியவர் மிரண்டுபோய் இரண்டடி பின்னால் போனார்.

"சாரிம்மா, நான் தப்பா நினைச்சு... உதவியா இருக்கட்டுமேன்னுதான்..."

"சார், போவாதீங்க சார்! இன்னொரு தபா போடுங்க சார்!"

"என்னது?"

"அதே காசு சார்! அதே மாரி குனிஞ்சு போடுங்க! என் புள்ள உங்கள திட்டுனான் சார்!"

தன்னை வம்புக்கு இழுக்கிறாள் என்றே அவர் நினைத்துவிட்டார். பாய்தான் எழுந்து வந்தார். "பயப்படாதீங்க சார். புள்ளைக்குத் தலையில அடி, ஆடி மாசத்துலேர்ந்து பேச்சில்ல. இப்பத்தான் மொத மொத வாயத் தொறந்துகீறான். அக்கா, நீயும் அவுரு வேட்டிய வுடு, கிழிஞ்சுடப் போவுது."

பெரியவர் அண்ணனைப் பார்த்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். பிறகு அவன் கையிலிருந்த காசை எடுத்து, நிமிர்ந்து, முதலில் குனிந்த மாதிரியே குனிந்து, திரும்ப வைத்தார்.

"பேமானி!" என்றான் அண்ணன். இந்த முறை தெளிவாக.

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். யாரோ விசில் அடித்தார்கள். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். "இன்னாமா திட்றான் பாரு, அப்புடியே அவங்க அப்பன் மாரி!" பெரியவருக்கும் கண் கலங்கிவிட்டது. "இந்த வயசுல இப்படி ஒரு திட்டு வாங்கறதுக்குக் கொடுத்து வெச்சிருக்கணும்மா" என்றார்.

அன்று சாயங்காலமே அம்மா கோயிலுக்குப் போனாள். ஒரே ஒரு அகல் ஏற்றினாள். "மிச்சம், மிச்சத்த பேசினப்புறம்" என்று அம்மனிடம் கறாராகச் சொல்லிவிட்டு வந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பெரியவர் மறுபடி வந்தார். "என்னப்பா, இன்னிக்கு எனக்கு என்ன வெச்சிருக்கே?" என்று கேட்டு, அதே எட்டணாவை நீட்டினார். திட்டு கிடைத்தது. அதற்கடுத்த வாரமும் வந்தார். வாராவாரம் திட்டு வாங்குவதற்கென்றே குரோம்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து ஒரு மனிதர் வந்தார் என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. அவர் பெயர்கூட நாங்கள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. மார்கழியில் ஒருநாள் அண்ணன் இடது கையால் காசை எடுத்து அவரிடமே திருப்பி நீட்டினான். "வேணாம்" என்றான். அது இரண்டாவது வார்த்தை.

தை பிறந்தது. சொன்னபடி பெரியப்பா வந்தார், வாடகை அம்பாசடரோடு. அப்படியே அண்ணனை ஹோமுக்குக் கூட்டிப்போகத் தயாராக வந்திருந்தார்.

"துணி எடுத்து வெச்சியாம்மா?"

"அவன் பேசறான் மாமா."

"கேள்விப்பட்டேன். சந்தையில நாலு பேர அசிங்கமா திட்றானாம். இதுக்குப் பேரு பேச்சா?"

"பேச்சுதான்."

"சரி, அவனையே கேளு. இன்னா சொல்றான் பாப்போம்" என்று பெரியப்பா சிரித்தார்.

அம்மா அண்ணன் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "நைனா, பெரியப்பா உன்ன கூட்டிக்கினு போயி ஒரு எடத்துல வுடறேன்னு சொல்றாரு. போறியா?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். பெரியப்பா வாட்சைப் பார்த்தார். வெளியே டிரைவர் ஹாரன் அடித்தான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன், வாய் திறந்து நானே பதில் சொல்லிவிடாமல் இருக்க. அம்மா அசையவில்லை. அண்ணனின் உதடு ஒரு பக்கமாக இழுத்தது.

"வேணாம்."

அவன் மெதுவாகத் தலையைத் திருப்பிப் பெரியப்பாவைத் தேடிப் பிடித்தான். இன்னும் சொல்ல வேண்டியது பாக்கி இருந்தது போல.

"பேமானி."

பெரியப்பா முகம் கறுத்து எழுந்தார். "பெத்து வெச்சிருக்கா பாரு!" என்றார். அம்மா வாசல்வரை கூடவே போய், "பாத்துப் போ மாமா, படி கீது" என்றாள்.

சித்திரைக்குள் அவர் ஏரிப் பக்க நிலத்தை முழுசாக விற்றுவிட்டார். நாங்கள் கோர்ட்டுக்குப் போகவில்லை. வாய்வார்த்தையை எந்தக் கோர்ட்டில் காட்டுவது?

இதெல்லாம் நடந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. அண்ணன் முழுசாகக் குணமாகிவிட்டான் என்று நான் பொய் சொல்லப்போவதில்லை. வலது கை வரவேயில்லை. வாக்கியமாகப் பேச வராது. வேண்டிய வார்த்தை வரும், அவசரப்படுத்தினால் திட்டு வரும். அம்மா இன்னமும் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். எனக்கு ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது, பெண்ணும் கிடைத்தாள். பெண் பார்க்கப் போனபோது அண்ணனையும் கூட்டிக்கொண்டுதான் போனோம்.

செம்பாக்கம் பக்கம் இப்போது மனை என்ன விலை போகிறது என்று சொல்லி, ஒரு வார்த்தைக்காக இப்படி விட்டுவிட்டீர்களே என்று எங்களைப் பைத்தியக்காரர்களாகப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். பார்க்கட்டும். அண்ணன் எங்களோடு ஒரே வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவதற்கு நாங்கள் கொடுத்த மொத்த விலை ஏரிப் பக்கத்தில் அரை கிரவுண்டு. அதே விலையை இன்னொரு முறை கேட்டாலும், எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.