பிடித்ததை விடாத உலோகம்

நான் தினமும் போகும் பெங்களூர் ரயிலில், ஊரிகம் ஸ்டேஷனில் ஏறும் அந்த ஒல்லியான பெண், சோடா வாங்கினால் உடனே குடிக்க மாட்டார். குமிழிகள் அடங்கும்வரை பாட்டிலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"இன்னாம்மா பாக்குறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கரியமில வாயு போறத பாக்குறேண்ணா. லேப்ல அத பிடிக்க உலோகத்துல ஒரு சேர்மம் செய்யறேன். நல்லா பிடிக்குது. சூடு பண்ணா திருப்பி வுடணும், அப்பதான் மறுபடியும் பிடிக்கும். வுடவே மாட்டேங்குது!"

பிறகு தினமும் அவர் முகத்தைப் பார்த்தே நிலவரம் தெரிந்துகொண்டேன். பல மாதங்கள் கழித்து ஒரு காலை, பிளாட்பாரத்திலிருந்தே கத்தினார்.

"அண்ணா, நேத்து வுட்டுடுச்சி!"

"காய்ச்சலா?" என்றார் பக்கத்து சீட்டு அம்மாள்.

கண்ணுக்கே தெரியாத ஒன்று கைவிட்டுப் போனதற்கு ஒருவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.