மருமகனும் விளையாடலாம்

லண்டனில் எங்கள் கல்லூரிக்கு ஓர் உதைபந்தாட்ட அணி இருக்கிறது. கல்லூரி இருப்பது யாழ்ப்பாணத்தில். அணியில் விளையாடுகிற பெடியங்களில் அரைவாசிப் பேருக்கு அந்தக் கல்லூரியின் வாசல் எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்றுகூடத் தெரியாது. ஆனாலும் அவர்கள் எல்லோரும் பழைய மாணவர்கள். பத்தொன்பது வயதில் பழைய மாணவர் ஆகிற வசதி லண்டனில்தான் கிடைக்கும்.

எங்கள் கல்லூரி என்று நான் சொல்வது இவருடைய கல்லூரியை, அதாவது என் கணவருடைய கல்லூரியை. நான் படித்த பெண்கள் கல்லூரிக்குப் பெருந்தன்மையோடு வலைப்பந்தையும் சிற்றுண்டிக் கடையையும் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் உதைபந்தாட்டம் என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பைத்தியம். கோடையில் பழைய மாணவர் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு மைதானத்தை வாடகைக்கு எடுத்துப் போட்டி வைப்பார்கள். நான் மடக்குக் கதிரையோடு போய்க் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்துவிடுவேன்.

இவர்தான் எங்கள் அணியின் கோச். தகுதி என்னவென்று கேட்கிறீர்களா? படிக்கிற காலத்தில் ஒரு வருடம் மேலதிக கோல் காப்பாளராக இருந்தார். உண்மையான கோல் காப்பாளருக்கு அந்த வருடம் ஒரு தடிமன் காய்ச்சல்கூட வரவில்லை. அதனால் இவர் மைதானத்தில் இறங்கவேயில்லை. அந்த அனுபவத்தை வைத்துத்தான் இத்தனை வருடமாகப் பயிற்சி கொடுக்கிறார்.

பயிற்சி என்றால் கோட்டில் நின்று கத்துவது. “குறுக்கால குடடா! டேய், குறுக்கால!” என்பார். இங்கே பிறந்த பெடியங்கள் ஆளை ஆள் பார்ப்பார்கள், பிறகு ஆளுக்கொரு பக்கம் ஓடுவார்கள். இடைவேளையில் திட்டம் ஏதாவது சொல்வார் என்று பார்த்தால், அந்தக் காலத்தில் கொட்டுகிற மழையில் எதிர்க் கல்லூரியை வென்ற கதையைத் தொடங்குவார். கதையில் மழை விடுவதற்குள் மத்தியஸ்தர் ஊதிவிடுவார். பெடியங்கள் போய் மூன்று கோல் வாங்கிக்கொண்டு வருவார்கள். பிறகென்ன, மத்தியஸ்தர் கள்ளன், புல் சரியில்லை, காற்று எதிர்க் கல்லூரியின் பக்கம்.

இதைவிடப் பெரிய கலை ஆள் பிடிப்பது. ஈஸ்ட் ஹாமில் மரக்கறி வாங்கப் போனால் இவர் கத்தரிக்காயைப் பார்க்கமாட்டார், போகிற வருகிற பெடியங்களின் கெண்டைக்காலைப் பார்ப்பார். கோயில் தேருக்குப் போனால் சாமியைவிட வடம் இழுக்கிறவர்களின் தோளைத்தான் கும்பிடுவார். ஒரு செத்தவீட்டில் துக்கம் விசாரித்த கையோடு, “தம்பி எந்தப் பொசிஷன்?” என்று செத்தவரின் பேரனிடம் இவர் கேட்டதை நானே பக்கத்தில் நின்று கேட்டேன். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

முதலில் பழைய மாணவர்கள் மட்டும்தான் விளையாடலாம் என்று இருந்தது. அவர்களுக்கு முழங்கால் போனதும் மகன்மாரும் விளையாடலாம் என்றார்கள். பிறகு எங்கள் சங்கத் தலைவரின் மகளை ஒரு நல்ல ஆட்டக்காரன் கட்டினான். உடனே பொதுக்கூட்டத்தில் எழும்பி, மருமகனும் ஒரு மகன்தானே என்று உருகிப் பேசி, மருமகன்மாரையும் சேர்க்கவைத்தவர் யார்? இவரேதான். எழுத்து, அதாவது கலியாணப் பதிவு, முடியாவிட்டாலும் பரவாயில்லை, பெண்ணின் தகப்பன் எல்லோருக்கும் முன்னால் ‘இவர் என் மருமகன்’ என்று சொன்னால் போதும் என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

எங்களுக்கும் ஒரு மகள் இருக்கிறாள். பல்கலைக்கழகத்தில் ஹொக்கி அணியின் கோல் காப்பாளர். சேர்ந்த முதல் கிழமையே அங்கே கோச்சாக இருந்த பெண் இவளை நிறுத்திவைத்து நாலைந்து பந்து அடித்துப் பார்த்துவிட்டு அணியில் எடுத்துவிட்டாளாம். யாருடைய மகள், எந்த ஊர், தாய் எந்தக் கல்லூரி என்று ஒரு கேள்வியும் இல்லை. லண்டன் முழுக்க ஆட்டக்காரர் தேடி அலைந்த இவர் சொந்த மகளின் ஓர் ஆட்டத்தைக்கூடப் பார்க்கவில்லை. “பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் உந்தத் தடி?” என்பதோடு கடமை முடிந்தது.

அவளுடைய எல்லா ஆட்டத்துக்கும் வந்து நின்றவன் ஒரு பெடியன். அதே பல்கலைக்கழகத்தின் உதைபந்தாட்ட அணியில் முன்னுக்கு விளையாடுகிறவன். வீடு தெற்கு லண்டனில், சட்டனில். தமிழ்ப் பெடியன். அவனைத்தான், அதுவும் படித்து முடித்து வேலைக்குப் போன பிறகு, கட்டப்போகிறேன் என்று மகள் சொன்னாள்.

இவர் விசாரித்தார். சட்டனில் ஒருவரிடம், ஊரில் ஒருவரிடம், கனடாவில் ஒருவரிடம். பிறகு சோபாவில் வந்திருந்து, “அவை எங்கட ஆக்கள் இல்லை” என்றார். சாதி என்ற சொல்லை லண்டனில் நாங்கள் ஒருவரும் வாயால் சொல்வதில்லை. அவ்வளவு முன்னேறிவிட்டோம். ‘எங்கட ஆக்கள் இல்லை’ என்றால் எல்லோருக்கும் விளங்கிவிடும். அந்தப் பெடியன் என் வீட்டுப் படி ஏறக்கூடாது என்றார். அவன் ஏறாத படியை நானும் ஏறேன் என்று மகள் போய்விட்டாள். இரண்டு வருடமாக என் வயிற்றில் பிறந்த பிள்ளையை நான் ஒரு கோப்பிக் கடையில் வைத்துச் சந்தித்தேன். மகளை வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும், அவனோடு சேர்த்துக் கூட்டிவர வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் தேவைப்படவில்லை.

அப்போதுதான் கடவுள் கண் திறந்தார். எங்கள் அணியில் கோல் அடிக்கத் தெரிந்த ஒரே பெடியனுக்கு எதிர்க் கல்லூரிச் சங்கத் தலைவர் தன் மகளைப் பேசி முடித்தார். மருமகன் என்ற முறையில் அவன் அந்தப் பக்கம் போய்விட்டான். பெண் கொடுத்து ஆள் எடுத்துவிட்டார்கள். போட்டிக்கு இரண்டு கிழமைதான் இருந்தது. சங்கச் செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்தபடி இருந்தார்.

“அடிக்க ஆளில்லை அண்ணை. நாறப்போறம்,” என்றார்.

சமைத்துக்கொண்டிருந்த நான் குசினி வாசலில் நின்றபடி சொன்னேன்: “மருமகன் எண்டால் விளையாடலாம்தானே? எங்களுக்கும் ஒருத்தர் இருக்கிறார்.”

இவருடைய முகம் கறுத்தது. செயலாளர் இவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முன்பு ஒரு கலியாண வீட்டில், “அக்கா, பிள்ளையைக் கொஞ்சம் கவனியுங்கோ, கதை அடிபடுது,” என்று எனக்குப் புத்தி சொன்ன அதே மனிதர். இப்போது குரலைத் தாழ்த்தி, “எந்தக் காலால அடிப்பான்?” என்று கேட்டார்.

“ரெண்டு காலாலயும்,” என்றேன்.

அந்தச் சனிக்கிழமை இருவரும் எனக்குச் சொல்லாமல் அவனுடைய ஆட்டத்தைப் பார்க்கப் போனார்கள். காரை விட்டு இறங்காமல் கண்ணாடி வழியாகப் பார்த்தார்களாம். அவன் தலையால் இடித்து ஒரு கோல் போட்டானாம். இவர் வந்து சாப்பிட்டார். கை கழுவிவிட்டுச் சுவரைப் பார்த்து, “ஹெடிங் நல்லம்,” என்றார்.

போன் எடுத்துக் கேட்க இவருடைய கௌரவம் விடவில்லை. செயலாளர்தான் கேட்டார். மகள் உடனே எனக்கு எடுத்தாள். “என்னம்மா இது? உங்கட கோச் வீட்டுக்குள்ள விடமாட்டாராம், கிரவுண்டுக்குள்ள விடுவாராம். நல்ல கதையாக் கிடக்கு!” என்று வெடித்தாள். “பிள்ளை, வாசல் எதெண்டு பாக்காத. முதல்ல உள்ளுக்கு வா,” என்றேன். அவன் வந்தான்.

போட்டி நாளில் முதல் ஆட்டத்திலேயே அவன் இரண்டு கோல் போட்டான். போட்டதும் எதிர்க் கல்லூரிக்காரருக்குப் பொறுக்கவில்லை. “உந்தப் பெடியன் ஆற்ற பிள்ளை? என்ன முறையில விளையாடுறான்?” என்று ஏற்பாட்டாளரின் மேசையைச் சுற்றி நின்று கத்தினார்கள். எந்த ஆட்கள் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இவரால் வாய் திறந்து சொல்ல முடியாது என்று கணக்குப் போட்டுத்தான் கேட்டார்கள். ஏற்பாட்டாளர் மைக்கை இவரிடம் நீட்டினார்.

“என்ர… என்ர மருமகன்,” என்றார் இவர், யாருக்கும் கேட்காமல்.

“கேக்கேல்லை!”

இவருக்கு ரோசம் வந்துவிட்டது. எதிர்க் கல்லூரிக்காரன் சிரித்தால் இவருக்குக் கண்மண் தெரியாது. “என்ர மருமகன்! என்ர மகளைக் கட்டப்போற பெடியன்! போதுமோ?” என்று மைக் கீச்சிடக் கத்தினார்.

மட்டன் ரோல்ஸ் கடையில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்துக் கதிரையில் இருந்தவ என் தொடையில் கிள்ளி, “சொல்லவேயில்லை, கள்ளி! எப்ப எழுத்து?” என்றா. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சந்தோசத்தில் பாதி, கோபத்தில் பாதி. இரண்டு வருடமாக மகளுக்காகச் சொல்லாத சொல்லை ஒரு வெற்றிக் கேடயத்துக்காகச் சொல்கிறாரே மனுசன்!

கேடயத்தை நாங்கள்தான் எடுத்தோம். இவர் படத்துக்கு அவனைக் கட்டிப்பிடித்தார். எதிரே நின்ற மகளைப் பார்க்கவில்லை. கார் மைதானத்தைத் தாண்டியதும் நான் கேட்டேன்: “அப்ப வாற ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிடட்டோ?”

“உமக்கென்ன விசரோ? அது மைதானத்தில சொன்னது. மைதானத்தோட சரி.”

நான் வாதாடவில்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்தேன். “எதிர்க் கல்லூரித் தலைவரின்ர மனுசி என்னோட படிச்சவ. இப்பவே எடுத்துச் சொல்லுறன், அவன் எங்கட மருமகன் இல்லையாம், களவா விளையாட விட்டதாம், கேடயத்தைத் திருப்பித் தாறமாம் எண்டு.”

“ஐயோ, வையும்! ஆக்கள் என்ன சொல்லுவினம்?”

அதே ஆட்கள். அவர்கள் என்ன சொல்வார்கள் என்று பயந்துதான் இவர் மகளை வெளியே வைத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த ஆட்களால் எனக்கு ஒரு பிரயோசனம் வந்தது. சிக்னலில் நிற்கும்போது இவர், “கூப்பிடும்,” என்றார்.

கூப்பிட்டேன். அந்தப் பெடியன் தனக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னான்: “வருவன் அன்ரி. ஆனா மேட்ச் அண்டைக்கு என்ர அப்பாவும் கிரவுண்டுக்கு வந்தவர். கார் பார்க் பக்கம் தனிய நிண்டவர். அங்கிள் மைக்கில சொன்னது அவருக்கும் கேட்டது. பிறகு ஒருத்தரும் அவரோட கதைக்கேல்லை. அங்கிள் முதல் எங்கட வீட்டை வரட்டும்.”

இவரிடம் சொன்னேன். வாழ்நாள் முழுக்க ஆள் பிடித்த மனிதருக்கு முதல் தடவையாக ஓர் ஆட்டக்காரன் நிபந்தனை போட்டிருந்தான். குதிப்பார் என்று நினைத்தேன். கேடயத்தை எடுத்துத் துணியால் துடைத்து வைத்தார். பிறகு எழும்பிச் சங்கத்து டையைத் தேடி எடுத்துக் கட்டினார்.

சட்டனில் சின்ன வீடு, பளிச்சென்று இருந்தது. பெடியனின் தகப்பன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். “வாங்கோ, இருங்கோ,” என்றார். இவர் சோபாவின் நுனியில் இருந்து, தனக்குத் தெரிந்த ஒரே விசயத்தைப் பேசினார். “தம்பியின்ர ஹெடிங் நல்லம்.” “ஓம்,” என்றார் அவர். எங்களுக்கு முன்பே வந்திருந்த மகள் குசினி வாசலில் சுவரோடு சாய்ந்து நின்றாள்.

பெடியனின் தாய் தேத்தண்ணி கொண்டுவந்தா. ஊரில் இவருடைய ஆட்கள் அந்தப் பெடியனின் ஆட்கள் வீட்டில் வாய் நனைக்கமாட்டார்கள். லண்டனில் அதற்கு நாகரிகமான சாட்டுகள் இருக்கின்றன: விரதம், வயிற்றுக் கோளாறு, வரும்போதுதான் குடித்தோம். “இல்லை, இப்பத்தான்…” என்று இவர் வாயெடுத்தார்.

தட்டை நீட்டியபடி அந்த மனுசி அப்படியே நின்றா. இந்தச் சாட்டை அவ எத்தனை தடவை கேட்டிருப்பா என்பது முகத்தில் தெரிந்தது. அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் நிலத்தைப் பார்த்தேன்.

இவர் கோப்பையை எடுத்தார். ஊதாமல், சூட்டோடு, மடக்கு மடக்காகக் குடித்தார். கண்ணில் நீர் வந்தது. சூட்டினாலா வேறு எதனாலா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் மாட்டேன்.

“இன்னும் கொஞ்சம் விடட்டோ அண்ணை?” என்று அந்த மனுசி கேட்டா.

“ஓம், விடுங்கோ,” என்று இவர் வெறுங்கோப்பையை நீட்டினார்.

“அன்ரி, சீனி போடாமக் குடுங்கோ,” என்றாள் மகள், சுவரை விட்டு வந்து. “அப்பாக்கு சுகர் இருக்கு.”

‘அப்பா’ என்ற சொல்லை அவள் சொல்லி இரண்டு வருடம்.