பாவு கட்டிய தூண்

அந்த அதிகாரியை நினைத்தால் எனக்கு இன்றும் ரத்தம் கொதிக்கிறது. எழுபதுகளின் நடுவில் அவருக்குக் கீழே நான் சர்வேயராக இருந்தேன். காஞ்சிபுரத்தில், செவிலிமேட்டுத் திடலில் எங்கள் லேசர் கருவி நின்றது. அது செயற்கைக்கோள் மேல் ஒளியைப் பாய்ச்சும். போய்த் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் கணக்கிடுவோம். அப்படிப் பல தூரங்கள் சேர்ந்தால், பூமியில் நாங்கள் நிற்கும் இடம் துல்லியமாகப் பிடிபடும். கடல்மட்டத்தை மேலிருந்து அளக்கும் செயற்கைக்கோள் சொல்வது சரிதானா என்று சோதிக்க இப்படிப்பட்ட இடங்கள்தான் ஆதாரம்.

எங்கள் கருவி சரியா என்று பார்க்க வேறொன்று வேண்டும். தூரத்தை முன்பே அளந்து வைத்த கான்கிரீட் தூண் அது. தினமும் முதல் ஒளியை அதன்மேல்தான் அடிப்போம். அதிகாரி அதை நெசவாளர் தெருக்கோடியில் நட்டார். அங்கே ஒரு கல் முளை இருந்தது. விடிந்ததும் பாவை, அதாவது புடவையின் நீளவாட்டுப் பட்டு இழைகளை, தெருநீளத்துக்கு விரித்து அதில்தான் இழுத்துக் கட்டுவார்கள். யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் அதைப் பிடுங்கிப் போட்டார். வழியில் கிடந்த குப்பை என்று நினைத்திருப்பார்.

மறுவாரம் ஒரு நெசவாளரின் மனைவி என்னிடம் வந்தார்.

"முளைய எடுத்துட்டீங்க சார். பாவ இஸ்து கட்ட எடமில்ல. உங்க தூண்ல கட்டிக்கலாமா?"

காலையில் அவர்கள் வேலை, மாலையில் எங்கள் வேலை. என்ன கெட்டுவிடப் போகிறது என்று, "கட்டிக்கோங்கம்மா" என்றேன். சர்வேயர் என்று சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருக்கிறது. மழையில் இளகிய மண்ணில் நின்ற தூண் அது. பத்து நாள் கழித்து மறுபடி அளந்தபோது அரை விரற்கடை தெருப்பக்கம் சாய்ந்திருந்தது. சாய்ந்ததை அதிகாரியிடம் சொன்னேன், நான் அனுமதி கொடுத்ததைச் சொல்லவில்லை.

அடுத்த நாள் காலை அவர் என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு தெருவுக்கு வந்தார். தூணில் பாவு கட்டியிருந்தது. அந்த அம்மாவும் கணவரும் குனிந்து, அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தார்கள்.

"யாரைக் கேட்டுய்யா இதுல கட்டின?" என்று கணவரிடம் பாய்ந்தார் அதிகாரி.

கணவர் வாயெடுப்பதற்குள் அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் தூணைப் பார்த்தேன்.

"யாரையும் கேக்கலீங்க. நாங்களா கட்டிக்கினோம்" என்றார் அந்த அம்மா.

கயிற்றின் முடிச்சை அவிழ்த்திருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. அந்த மனுஷன் பேனாக்கத்தியை எடுத்துப் பட்டு இழைகளையே அறுத்தார். மூன்று புடவைக்கான பாவு புழுதியில் சுருண்டு விழுந்தது. கணவர் அதைத் தொடக்கூட இல்லை, தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்போதாவது நான் பேசியிருக்க வேண்டும். என் வேலை போய்விடும் என்று பயந்தேன், அவ்வளவுதான்.

ஜீப்பில் திரும்பும்போது அதிகாரி என் தோளைத் தட்டி, சாய்வை நல்லவேளையாகக் கண்டுபிடித்தாய் என்று பாராட்டினார்.

"தேங்க்ஸ் சார்" என்றேன்.