முதலாளிக்கும் அதே வெர்ஷன்

அன்புக்கரசி அதிர்ந்து பேசமாட்டாள், ஆனால் பிடித்த பிடியை விடவும் மாட்டாள். கருமத்தம்பட்டித் தறிக்காரர் மகள். பீளமேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை, அதுவும் இன்னும் நிரந்தரமாகவில்லை. தோட்டத்து மோட்டாரைப் போனிலேயே ஓட்டி நிறுத்த ஒரு பெட்டி உண்டல்லவா, அதற்குப் புரோகிராம் எழுதுகிற கம்பெனி.

மேட்டுப்பாளையம் பக்கம் பாக்குத் தோப்புகளில் அந்தப் பெட்டிகள் சில, மோட்டாரை நினைத்த நேரத்தில் நிறுத்தின. கரண்ட் சரியில்லை என்று ஆபீசில் கைகழுவிவிட்டார்கள். பாவம் கரண்ட், யார் வேண்டுமானாலும் அதன் தலையில் பழியைப் போடலாம்! அன்புக்கரசி தோண்டிப் பார்த்தாள். புரோகிராம் எல்லோருக்கும் ஒன்றுதான். அதை மெஷினுக்குப் புரிகிறபடி மாற்றித்தரும் கம்பைலர்தான் ஆளுக்கொரு வெர்ஷன். முதலாளி குமாரசாமியின் லேப்டாப்பில் இருந்ததோ ஆதிகாலத்தது. அதில் தயாரான பெட்டிகள்தான் மக்கர் செய்தன. மற்றவர்களுக்கும் இது அரைகுறையாகத் தெரியும். பெரியவரிடம் எப்படிச் சொல்வது என்று மரியாதை பார்த்தே மழுப்பியிருக்கிறார்கள். நல்ல மரியாதை போங்கள், அங்கே தோப்பு காய்ந்துகொண்டிருந்தது.

அவள் ஒரே வெர்ஷனை முடிவுசெய்து புராஜெக்டிலேயே எழுதிவைத்தாள். சர்வரோ லேப்டாப்போ, வேறு வெர்ஷன் இருந்தால் புரோகிராம் கம்பைல் ஆகாமல் எடுத்த எடுப்பிலேயே நின்றுவிடும். டீம் லீடர் சபரீஷ் பதறிப்போனான். முதலாளிக்கு மட்டும் விலக்கு வைக்கச் சொன்னான், இல்லாவிட்டால் வேலை போய்விடும் என்றான்.

"அவருக்கு மட்டும் உட்டுப்போட்டா, அப்புறம் இது எதுக்குங்க?" என்றாள்.

மறுவாரம் பெரிய ஆர்டர் கொடுக்க ஆட்கள் வந்தார்கள். குமாரசாமி வழக்கம்போலத் தன் லேப்டாப்பில் தானே புரோகிராமை ஓட்டிக்காட்ட உட்கார்ந்தார். இந்த வெர்ஷன் செல்லாது என்று திரையில் சிவப்பாக வந்து நின்றது. சபரீஷ் தரையைப் பார்த்தான்.

"இதைய யாருங்க போட்டது?" என்றார் குமாரசாமி.

"நானுங்க."

எழுந்து நின்று, காரணத்தை ஒளிக்காமல் சொன்னாள். குமாரசாமியின் முகம் சுருங்கிப்போனது. தோப்புகளில் மோட்டார் நின்றது தன் லேப்டாப்பாலா என்று கேட்டார். ஆமாங்க என்றாள். அவர் எழுந்து நாற்காலியை அவளுக்குத் தள்ளினார். அவள் வெர்ஷனை மாற்றி ஓட்டினாள், ஓடியது. தோப்புப் பெட்டிகளை முதலில் மாற்றிக்கொடுத்துவிட்டுத்தான் புது ஆர்டர் என்று குமாரசாமி சபரீஷிடம் சொல்லிவிட்டு, வந்தவர்கள் பக்கம் நெஞ்சை நிமிர்த்தித் திரும்பினார்.

"எங்க கம்பெனில எம்பட பேச்சே எடுபடாதுங்க. அம்மணி சொன்னதுதான். தைரியமா வாங்கிக்கோங்க."