அம்மா கையெழுத்திட்ட தாள்

போட்டோக்கொப்பி எடுத்த சூடு ஆறாத தாளைத் தொட்டால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை வியர்க்கும். தொண்ணூறுகளின் நடுவில், ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் நாங்கள் குடியிருந்தபோது, நாலாம் வகுப்பு ரீச்சர் அப்படிச் சுடச்சுடத் தாள்களைத் தந்துவிட்டு ஆளுக்கொரு பந்தியாக உரக்க வாசிக்கச் சொல்வார். நான் எனக்கு முன்னால் இருந்த தலைகளை எண்ணி, என் பங்குக்கு எந்தப் பந்தி வரும் என்று கண்டுபிடித்து, பக்கத்துப் பிள்ளையை மெதுவாக வாசிக்கவைத்துப் பாடமாக்கிவிடுவேன். ரீச்சர் இடையில் ஒரு பிள்ளையைத் தாண்டிவிட்டால் என் கதை முடிந்தது. எழுத்துகள் கண்ணுக்கு நன்றாகத் தெரியும், ஆனால் சொல்லாகச் சேராது.

இங்கிலிஸ் பழகினால் சரியாகிவிடும் என்று பள்ளிக்கூடம் இரண்டு வருசம் பொறுத்திருந்தது. வீட்டில் அதற்கு "விளையாட்டுப் புத்தி" என்று பெயர். என் தலைக்குள் ஏதோ பழுது என்று நான் மட்டும் பயந்துகொண்டிருந்தேன்.

பிறகுதான் அந்தத் தாள் வந்தது. ஓர் உளவியலாளர் என்னைச் சோதித்துப் பார்க்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும், கனபேர் காத்திருப்பதால் கெதியாகத் தந்தால் நல்லது என்று ரீச்சர் சொல்லிவிட்டார். அப்பா அதை எடுத்துக்கொண்டு, எங்கள் கட்டிடத்தில் எல்லோருக்கும் பத்திரம் நிரப்பிக் கொடுக்கிற ஓர் அங்கிளிடம் போனார். அகதிகளாக எங்களை ஏற்றுக்கொண்டிருந்தாலும் "லாண்டட்", அதாவது நிரந்தரமாக இருக்கிற உரிமை, இன்னும் கிடைக்கவில்லை. அங்கிள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூளையிலை பிழை எண்டு எழுத்திலை போச்செண்டால் இமிகிரேசன் பைலை மூடிப்போடும். லாண்டட் வரட்டும், பிறகு பாப்பம்," என்றார். அது முழுப்பிழை என்று சொல்ல எங்களுக்கு அப்போது ஒருவரும் இல்லை. ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்று சொல்லி, அப்பா தாளைச் சூட்கேசில் வைத்துப் பூட்டினார்.

அம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. ரீச்சரிடம் இன்னொரு தாள் வாங்கிவரும்படி என்னிடம் சொன்னார். அப்பா வேலைக்குப் போன பிறகு ஒரு காலை, சாப்பாட்டு மேசையில் கையெழுத்திட்டு என் பையில் வைத்து, "அப்பாவுக்குச் சொல்லிப்போடாதை. ரீச்சரின்ரை கையிலை குடு," என்றார். சொல்லும்போதே வாசல் கதவை இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். அம்மாவே இப்படிப் பயப்படுகிறார் என்றால் அங்கிள் சொன்னது மெய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

எலிவேற்றருக்குப் போகிற வழியில் குப்பை போடுகிற சிறிய அறை இருந்தது. சுவரிலிருந்த இரும்புக் கதவைத் திறந்து போட்டால் பதினாறு மாடியும் தாண்டிக் குப்பை கீழே போய் விழும். அதன் முன்னால் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. எங்களைப் பிளேனில் ஏற்றிக் குண்டு விழுகிற ஊருக்கே திருப்பி அனுப்பினால், அது என் ஒருத்தியின் தலைக்குள் இருக்கிற பழுதால்தான். தாளை நாலாகக் கிழித்து உள்ளே போட்டேன்.

அன்று பின்னேரம் அம்மா கேட்டபோது "குடுத்திட்டன்" என்றேன். ரீச்சர் கேட்டபோது வீட்டில் விருப்பமில்லை என்றேன். அம்மாவுக்கு இங்கிலிஸ் தெரியாது, ரீச்சருக்குத் தமிழ் தெரியாது, பெற்றோர் சந்திப்பில் மொழிபெயர்ப்பாளரும் நானேதான். கள்ளனே காவலுக்கு நின்ற கதை. ஆனாலும் ரெலிபோன் அடிக்கும்போதெல்லாம் நானே முதலில் ஓடிப்போய் எடுத்தேன். ஏன் இன்னும் கூப்பிடவில்லை என்று அம்மா கேட்கக் கேட்க, "லிஸ்ற் நீளமாம்" என்று சொல்லியே இரண்டு வருசத்தை ஓட்டினேன்.

லாண்டட் வந்த கிழமையே அப்பா சூட்கேசைத் திறந்து பழைய தாளில் கையெழுத்திட்டார். அம்மா தாளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அதன் பிறகும் காத்திருந்து, ஏழாம் வகுப்பில்தான் என் முறை வந்தது. சோதித்த பெண் என் மூளையில் பழுதில்லை, எனக்கு வேறு விதமாகச் சொல்லித்தர வேண்டும், அவ்வளவுதான் என்றார். முன்னரே வந்திருந்தால் இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க மாட்டாயே என்றும் சொன்னார். நான் விம்மி விம்மி அழுதேன், அவர் அதைச் சந்தோசம் என்று நினைத்துக்கொண்டார்.

இப்போது அப்பா இல்லை. அந்த அங்கிளும் இல்லை. இமிகிரேசனிலிருந்து வரும் பழுப்பு நிறக் கடித உறையைக் கண்டு நடுங்கிய அந்த வீடுகளும் இல்லை. வாசிக்கப் பழகியிருக்க வேண்டிய என் வருசங்களும் அவற்றோடு போய்விட்டன. அம்மா ரொறன்ரோவின் மல்வேர்னில் என்னோடு இருக்கிறார். பழைய கதை வந்தால், தான் அப்போதே கையெழுத்து வைத்ததாகவும் பள்ளிக்கூடம்தான் இழுத்தடித்ததாகவும் சொல்வார்; தாளைக் கிழித்ததை நான் இன்றுவரை அவருக்குச் சொன்னதில்லை.

போன மாதம் என் மகளைச் சோதிக்கவும் பள்ளிக்கூடத்திலிருந்து சம்மதம் கேட்டு ஒரு தாள் வந்தது. உடனே கையெழுத்திட்டு அவளுடைய பையைத் திறந்தேன். மேசையில் பயிற்றங்காய் முறித்துக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமலே சொன்னார்:

"பிள்ளையின்ரை கையிலை குடுத்துவிடாதை. நீயே கொண்டுபோய்க் குடு."