சௌக்கியமானவர்களின் ரத்தம்

என் அக்காவின் கணவர் குழந்தைவேலு, போர்ட் பிளேரில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதகராக இருந்தார். போன மாதம் காலமானார். அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டால், அறுபதுகளில் நடந்த பொன்னம்மாவின் விஷயத்தைத்தான் சொல்லத் தோன்றுகிறது.

பொன்னம்மா, போர்ட் பிளேருக்கு எதிர்க்கரையான பாம்பூஃப்ளாட்டில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. கணவரை இழந்தவள். ரோடு வேலையில் தினக்கூலிக்குக் கல் சுமந்தாள். அவளை நிரந்தரமாக்க உத்தரவு வந்தது; மருத்துவப் பரிசோதனையில் ரத்தம் குறைவென்று நிறுத்திவிட்டார்கள்.

"காலையிலேர்ந்து இருட்டுற வரைக்கும் கல்லு தூக்குறேன். என் ரத்தத்துக்கு என்ன குறை, அண்ணே? அந்தக் கணக்கை எந்த ஊர்க்காரன் ரத்தத்தைப் பார்த்து எழுதினாங்க?" என்று அத்தானிடம் கேட்டாள்.

நியாயமான கேள்விதான். ஆஸ்பத்திரியில் இருந்தது மெயின்லேண்டிலிருந்து வந்த அளவு. தீவில் நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களுக்கு எவ்வளவு ரத்தம் இருக்கும் என்று யாரும் பார்த்ததில்லை. டாக்டருக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. "ஆரோக்கியமானவர்களாகப் பார்த்து எடுத்து வா. இங்கே இயல்பே குறைவுதான் என்றால், அந்த அம்மாளை மறுபடி பரிசீலிக்கச் சொல்கிறேன்" என்றார்.

ஆரோக்கியமானவர்கள் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் ஊசியும் கண்ணாடிக் குழாய்களுமாக எங்கள் தெருவிலேயே மேசை போட்டார். வீட்டுக்கு ஒருவர் வரவேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார். கூட்டம் நன்றாகவே வந்தது. விரலில் குத்தி எடுத்ததையெல்லாம் சோதித்தபோது அளவு மிகவும் குறைவாக இருந்தது. அதை வைத்துப் பார்த்தால் பொன்னம்மா தேறிவிடுவாள். செய்தி தெருவில் பரவிவிட்டது.

அத்தானுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. மேசைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் இருமியதை அவர் பார்த்திருந்தார். எதிர்வீட்டு ருக்குவிடம் கேட்டார்: "உன் வீட்டுக்காரர் ஏன் வரலே?"

"அவருக்கு என்ன கேடு? தபியத் எல்லாம் டீக்தான், உடம்பு நல்லாத்தான் இருக்கு. வீட்டுக்கு ஒருத்தர்னீங்க. ஊசி வீணாகலாமான்னு சீக்கா இருக்கிற எங்க மாமியாரை அனுப்பிட்டாரு."

எல்லா வீட்டிலும் அதுதான் நடந்திருந்தது. திடமானவர்கள் தங்கள் முறையை வீட்டு நோயாளிக்கு விட்டுக்கொடுத்திருந்தார்கள்.

அத்தான் அந்தக் கணக்கைத் தூக்கிப்போட்டார். பொன்னம்மா வாசலில் வந்து நின்றாள்.

"அதை அப்படியே குடுத்தா எனக்குப் பக்கா வேலை ஆயிடும்ல? ஏன் வேணாம்னுட்டே?"

"அவங்கல்லாம் சீக்காளிங்க, பொன்னம்மா."

"அப்போ நானும் சீக்காளியா?"

"தெரியலே. அதைத் தெரிஞ்சுக்கத்தான் திரும்ப எடுக்கப்போறேன்."

"நல்லா எடு. என் வாயில மண்ணைப் போட்டுட்டு எடு."

மறுநாளிலிருந்து அத்தான் காலையில் பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் நின்றுகொண்டார். படகேறி வேலைக்குப் போகிறவர்களை நிறுத்தி, காய்ச்சல் உண்டா, சோர்வு உண்டா என்று விசாரித்து, இல்லை என்றவர்களிடம் மட்டும் எடுத்தார். "தப்பு எதுவும் செய்யாதவனையா குத்துறீங்க?" என்று மீன்கூடையோடு அல்போன்ஸ் கேட்டுச் சிரிக்க வைத்தான். இந்தமுறை வந்த அளவு, மெயின்லேண்ட் புத்தகத்திலிருந்து அதிகம் விலகவில்லை.

அப்படியானால் பொன்னம்மாவின் ரத்தம்தான் குறைவு. அவளுடைய மலத்தைச் சோதிக்கச் சொன்னார் டாக்டர். வெறுங்காலோடு ஈரமண்ணில் நிற்கிறவர்களுக்கு வரும் கொக்கிப்புழு இருந்தது. மாத்திரையும் இரும்புச்சத்து மருந்தும் கொடுத்தார்கள். மருந்தைக் கொண்டுபோய்க் கொடுத்தது அத்தான்தான். அவள் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். பல மாதங்கள் அவள் வீட்டுக்கும் அத்தான் வீட்டுக்கும் இடையே குழம்புக் கிண்ணம்கூடப் போய்வரவில்லை.

அடுத்த பரிசோதனையில் தேறினாள். அன்று நேராக அத்தானிடம் வந்தாள்.

"இப்போ என் ரத்தமும் மெயின்லேண்ட் ரத்தமாயிடுச்சாம்."

"எப்பவும் உன் ரத்தம்தான். இத்தனை நாள் புழு குடிச்சுட்டு இருந்துச்சு."

"வாயைப் பாரு" என்றாள். அன்று மாலை கிண்ணம் வந்தது.

போன மாதம் அத்தானின் சிதைக்கு விறகு படகில் வந்தது. ஜெட்டியில் இறக்கியதை வண்டிவரைக்கும் கொண்டுபோக ஆள் தேடினோம். எழுபது வயதைத் தாண்டியிருந்த பொன்னம்மா புடவைத் தலைப்பைச் சும்மாடாகச் சுற்றி வைத்துக்கொண்டு, முதல் கட்டைத் தலையில் தூக்கினாள். யாரும் தடுக்கவில்லை.