புகார் இல்லாத பிரிவு

நகராட்சியின் தெருவிளக்குப் பிரிவுக் கண்காணிப்பாளர் அம்மாவுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. வேலையை ஒழுங்காகச் செய்துவிடுவார். குழாய் உடைந்து ஜனங்கள் வந்து கத்திய பிறகுதான் குடிநீர்ப் பிரிவு கண் விழிக்கும். இந்த அம்மா அப்படியில்லை. பொழுது சாய்ந்ததும் லைன்மேனைக் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடப்பார். எந்த விளக்காவது கண் சிமிட்டினால், அது அணைவதற்கு முன்பே மாற்றிவிடுவார். அதனால் அவருடைய பிரிவுக்குப் புகாரே வருவதில்லை.

வீட்டுக்காரர் நில அளவை அலுவலகத்தில் எழுத்தர். கல்யாணமானதிலிருந்து அவர் ஒரு ஊர், இவர் ஒரு ஊர். பாதிக் குடித்தனத்தைப் பஸ் நிலையத்து பெஞ்சிலேயே நடத்திய தம்பதி. தலை நரைக்கத் தொடங்கிய பிறகுதான் இருவருக்கும் ஒரே ஊரில் வேலை அமைந்தது. தினமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சாப்பிடுவது இன்னும் அவர்களுக்குப் புதுசாகத்தான் இருந்தது.

அப்போதுதான் புது ஆணையர் வந்தார். தலைமைப் பண்புப் பயிற்சியிலிருந்து நேராக இறங்கிய மனிதர். நடைகூடத்தில் பெரிய பலகை ஒன்றை மாட்டினார். தீர்த்துவைத்த புகார்களும் மனுக்களும் எத்தனையோ, அத்தனை உயரத்துக்கு ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு வண்ணப் பட்டை. அதற்குப் பெயர் உற்பத்தித்திறன். நாளொரு குழாய் உடையும் குடிநீர்ப் பிரிவு உச்சியில் நின்றது. தெருவிளக்குக்குப் பட்டையே இல்லை.

ஆணையர் கூப்பிட்டு அனுப்பினார்.

"உங்க பிரிவுல வேலையே நடக்கலையேம்மா?"

"விளக்கெல்லாம் எரியுது சார்."

"எரியறது விளக்கோட வேலை. உங்க வேலை என்ன?"

அடுத்த மாதமும் இப்படியே இருந்தால் பிரிவைக் குடிநீரோடு சேர்த்துவிட்டு, அவரை எல்லையோரத் துறைமுக ஊருக்கு மாற்றிவிடுவதாக ஆணையர் சொன்னார். வீட்டுக்காரரின் துறைக்கு அந்த ஊரில் அலுவலகமே கிடையாது. மறுபடியும் பஸ் நிலையத்து பெஞ்சுதான்.

அம்மா வெட்கத்தை விட்டு, ஒரு புகார் கொடுங்களேன் என்று கடை கடையாகக் கேட்டுப் பார்த்தார். எரிகிற விளக்கை எரியவில்லை என்று எழுதினால் ஊர் என்னைப் பைத்தியம் என்னாதா என்று மளிகைக்கடைக்காரர் கையை விரித்தார். மனமிரங்கிய தையல்காரர் ஒருவர் மட்டும் விளக்கு ரொம்பப் பளிச்சென்று எரிகிறது என்று எழுதிக் கொடுத்தார். அப்படியொரு குறைக்கு விதிகளில் இடமில்லாததால் அது செல்லாமல் போயிற்று.

கடைசியில் லைன்மேன்தான் வழி சொன்னார். பல்பைக் கழற்ற வேண்டாம், லேசாகத் தளர்த்தினால் போதும் என்றார். அம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு விளக்கும் அணையும்போது பெற்ற பிள்ளையை அடித்த மாதிரி இருந்தது. ஆனால் மறுநாள் அலுவலக வாசலில் வரிசை நின்றதைப் பார்த்ததும் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. வந்தவர்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, திட்டியவர்களுக்கெல்லாம் நன்றி சொன்னார். மாலையில் பல்புகளை இறுக்கிவிட, புகார்கள் தீர்ந்தன. மாதக் கடைசியில் அவருடைய பட்டை குடிநீரை முந்திவிட்டது.

ஆணையர் பூரித்துப்போனார். எல்லோரையும் கூட்டி, தலைமை என்றால் இதுதான் என்று முழங்கினார். இப்பேர்ப்பட்ட தலைவியை இந்தச் சின்ன ஊரில் முடக்கிவைப்பது பாவம். சீரழிந்து கிடக்கும் துறைமுக ஊர் அலுவலகத்தை நிமிர்த்த இவரையே பரிந்துரைக்கப் போவதாக அறிவித்தார். கூடம் அதிரக் கைதட்டினார்கள். அம்மா வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னார்.

வீட்டுக்காரர் கேட்டுவிட்டு முதலில் சிரித்தார். பிறகு சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேலை செஞ்சாலும் அந்த ஊரு, செய்யாட்டியும் அந்த ஊரு. நடுவுல ஒண்ணுமே இல்லையா?" என்றார்.

மறுநாள் அம்மா பலகையை உற்றுப் பார்த்தார். நட்டநடுவில் அசையாமல் ஒரு பட்டை இருந்தது. பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவு. அதன் கண்காணிப்பாளர் எத்தனையோ ஆணையர்களைப் பார்த்துவிட்டு அதே நாற்காலியில் இருப்பவர். மாதா மாதம் எப்படி ஒரே அளவில் நிற்கிறீர்கள் என்று அம்மா போய்க் கேட்டார்.

"ஜனங்க சாகறது என் கையில இல்லம்மா. பதியறது என் கையில இருக்கு. மேல போனா கண்ணுல படுவோம், கீழ போனாலும் படுவோம். நடுவுல இருக்கறவன எவனும் பாத்ததில்ல" என்றார் அவர்.

அன்றிலிருந்து அம்மா அளந்து வேலை செய்தார். தளர்த்திய பல்புகளில் பாதியை இறுக்கினார், மீதியை அப்படியே விட்டார். முறை வைத்துத் தெருக்கள் இருண்டன. பட்டை இறங்கி இறங்கி நடுவில் வந்து நின்றது. பரிந்துரையில் எழுத ஆணையர் அவரிடம் ஒரு சிறப்பைத் தேடினார், கிடைக்கவில்லை. தண்டிக்க ஒரு குறையைத் தேடினார், அதுவும் கிடைக்கவில்லை. உங்களைப் பற்றி என்னென்னவோ நினைத்தேனே என்று பெருமூச்சு விட்டு, மறுபடி உச்சிக்கு ஏறியிருந்த குடிநீர்க் கண்காணிப்பாளரைத் துறைமுக ஊருக்கு அனுப்பிவைத்தார்.

அன்று மாலை அம்மாவின் சொந்தத் தெருவுக்கு இருட்டு முறை. முனையில் வீட்டுக்காரர் டார்ச்சோடு காத்திருந்தார். மனைவியின் காலடியில் வெளிச்சத்தைப் பாய்ச்சிக்கொண்டே பக்கத்தில் நடந்தார். அம்மாவுக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷம் அதைவிட அதிகமாக இருந்தது, அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டார்.

எதிரே வந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் கல்லில் இடறி, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, உங்க ஆபீஸ்ல வேலை செய்ய ஆளே கிடையாதா?"

"இருக்காங்கய்யா" என்றார் அம்மா. "நாளைக்கு வந்து ஒரு புகார் எழுதிக் குடுங்க."

பெரியவர் நொண்டிக்கொண்டே போனார். அவர் தன் வீட்டுப் படியேறும்வரை டார்ச்சை அவர் பக்கம் காட்டச் சொல்லிவிட்டு, அம்மா இருட்டில் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.